உப்பு வந்த வழி

கழுதை கத்தியது.

குப்பனூரில் கழுதை கத்துவது அதிசயமில்லை. ஆனால் அது கத்தவேண்டிய இடம் துணி வெளுக்கும் ஓடைக்கரை. இந்தச் சத்தம் பெரியண்ணனின் வயலுக்குள்ளிருந்து வந்தது. களி கிண்டிக்கொண்டிருந்த கண்ணாயி துடுப்பைச் சட்டியிலேயே நட்டுவிட்டு வரப்புக்கு ஓடினாள்.

அறுப்பு முடிந்து கிடந்த வயலின் நடுவில் இரண்டு கழுதைகள் நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெளுப்புக்காரி வீராயி தேங்காய்த் தொட்டியால் மண்ணின் மேல்தோலைச் சுரண்டிக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தாள். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வீராயி சுரண்டாத இடமெல்லாம் சுண்ணாம்பு தெளித்ததுபோல வெளுத்துக் கிடந்தது.

அந்தப் பக்கத்து வரப்பிலிருந்து மாதம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாய்ந்து வந்தாள். பெரியண்ணனின் மனைவி. கண்ணாயிக்கு ஓரகத்தி.

"ஏ வீராயி! ஆரக் கேட்டுக் கழுதய உள்ள ஓட்டுன?"

"கேக்கலாம்னுதானுங்க உங்க ஊட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சுங்க."

"மண்ண எதுக்கு அள்ளற?"

"உவர் மண்ணுங்க. வெள்ளாவிக்கு இதாட்டம் வேற எதுவும் ஆகாதுங்க. முந்தியெல்லாம் இதுக்கு மூணு மைல் நடக்கோணும். இப்ப உங்க காட்டுலயே பூத்துக் கெடக்குதுங்களே!" வீராயி கையில் இருந்த மண்ணை நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "நொம்ப நல்ல உவருங்க. பொங்கலுக்கு உங்க ஊட்டுத் துணி பூராவும் சும்மாவே வெளுத்துத் தாரனுங்க. மாசம் நாலு கூடை மட்டும் குடுங்க."

வீராயி கேலி செய்யவில்லை. அவளுக்கு அது உண்மையிலேயே நல்ல மண். அதனால்தான் மாதம்மாளுக்கு அது இன்னும் சுருக்கென்று தைத்தது. நெல் விளைந்த வயல் அழுக்குத் துணிக்கு ஆகும் என்று ஒருத்தி நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அதை வரப்பு ஓரத்தில் நின்று தம்பி பெண்டாட்டி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"கழுதய ஓட்டிக்கிட்டுப் போறயா, இல்ல கல்லெடுக்கட்டுமா?"

கண்ணாயி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்தாள். களி அடிப்பிடித்துத் தீய்ந்திருந்தது. அந்தத் தீய்ந்த களியை அவரைக்கொட்டைக் குழம்பில் தொட்டு இரண்டு உருண்டை கூடுதலாகவே தின்றாள். எட்டு வருசமாக அவள் தொண்டையில் களி அவ்வளவு சுகமாக இறங்கியதில்லை.

அந்த எட்டு வருசக் கதை ஒரு போர்வெல் லாரியோடு தொடங்கியது.

பெரியண்ணனும் கண்ணாயியின் புருசன் அங்கப்பனும் கூடப்பிறந்தவர்கள். அப்பன் செத்த பிறகு பாகம் பிரித்தபோது, மலையடிவாரத்தை ஒட்டிய கல்கட்டுக் கிணறும் அதைச் சுற்றிய சிறு விளைகாடும் தம்பிக்கு வந்தன. கிணறு இல்லாத குறைக்கு அண்ணனுக்கு நிலம் கொஞ்சம் கூடுதல். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை பாறைச் சந்துகளில் கசிந்து கிணற்றில் இறங்கும். தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். ஆனால் தை மாதம் கழிந்தால் அரை மணி நேரம் இறைத்தாலே கிணறு சேற்றைக் காட்டிவிடும்.

எழுபத்தொன்பதில் பெரியண்ணன் போர் போட லாரியைக் கொண்டுவந்தான். அங்கப்பன் தானும் பாதி போடுகிறேன், தண்ணீரைப் பங்கு வைத்துக்கொள்வோம் என்று கேட்டான்.

"பங்குன்னு வந்தா நாளைக்குப் பொம்பளைங்க சண்டை போடுவாங்க. வேண்டாம் அங்கப்பா, தனித்தனியாவே இருந்துக்கலாம்" என்றான் அண்ணன்.

ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது. அங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். "சரிங்கண்ணா. இந்தத் தண்ணி ஒரு சொட்டு என்ற காட்டுல பட்டாக்கூட நான் நம்மப்பனுக்குப் பொறந்தவனில்ல."

அந்த நேரம் பார்த்து நூற்றெண்பது அடியில் தண்ணீர் பீறிட்டது. சாம்பல் நிறத்தில் பனைமர உயரம் எழும்பிச் சிதறியது. மாதம்மாள் புதுச் சேலையோடு அதன் கீழே போய் நின்று தொப்பலாக நனைந்து சிரித்தாள். கண்ணாயி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தச் சிரிப்பு கேட்டது.

அதன்பிறகு தினமும் கேட்டது மோட்டார் சத்தம். பெரியண்ணன் வயலில் வருசத்துக்கு இரண்டு போகம் நெல் வந்தது. அதற்குப் பக்கத்தில் வாழை வந்தது. மாதம்மாள் வீட்டு அடுப்பில் தினம் நெல்லுச்சோறு. காற்று தெற்கே திரும்பினால் சோறு வடிக்கும் வாசனை கண்ணாயியின் களிச்சட்டி வரைக்கும் வந்து நிற்கும். பண்டிகை நாட்களில் மாதம்மாள் ஒரு தூக்குப்போசி நிறையச் சோறு கொடுத்தனுப்புவாள். கண்ணாயி அதை மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு, போசியைப் பளபளவென்று விளக்கித் திருப்பிக் கொடுப்பாள்.

"நல்லா இருந்துச்சா புள்ள?"

"நொம்ப நல்லா இருந்துச்சுங்கக்கா. மாடுகூட மொகத்த எடுக்கலீங்க."

மூன்றாம் வருசம் கண்ணாயி தக்காளி போட்டிருந்தாள். மாசி மாதம் கிணறு வற்றியது. செடிகள் தலை தொங்கின. அங்கப்பன் விடிந்ததும் முதல் பஸ்ஸுக்கு மலைமேல் போய்விடுவான். எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களுக்குக் கிளை கழிக்கும் வேலை. பொழுது சாயத்தான் இறங்குவான். கண்ணாயி ஒற்றையாளாகக் குடத்தில் மொண்டு ஊற்றினாள். பத்தடி தூரத்தில், இரண்டு காட்டுக்கும் பொதுவான வரப்பை ஒட்டி, அண்ணன் வீட்டு வாய்க்காலில் தண்ணீர் கரை தளும்பப் போய்க்கொண்டிருந்தது.

உச்சிப்பொழுதில் மாதம்மாள் மோட்டாரை ஓடவிட்டுவிட்டுச் சோறாக்க வீட்டுக்குப் போவாள். பெரியண்ணன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போயிருப்பான். கண்ணாயி மண்வெட்டியை எடுத்தாள். வரப்பின் மூலையில் ஒரே கொத்து. தண்ணீர் அவள் காலை நனைத்துக்கொண்டு தக்காளி நின்ற கீழ் வயலுக்குள் ஓடியது.

அரை மணி கழித்து மடையை அடைத்து, சேற்றைப் பூசி, தன் கால் தடத்தைத் தானே கையால் வழித்துவிட்டாள். யாரும் பார்க்கிறார்களா என்று நாலு தடவை திரும்பிப் பார்த்தாள். ஆனால் சாயங்காலம் தக்காளிச் செடிகள் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தபோது, பயத்தைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. அது செடிகள் பிழைத்த சந்தோஷம் மட்டுமல்ல. மாதம்மாளின் தண்ணீரை மாதம்மாளுக்குத் தெரியாமல் குடிக்க வைத்த சந்தோஷம்.

வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு மூன்று நாள் என்று அது வாடிக்கையாகிவிட்டது.

"கீழ் வயலு ரெண்டும் கோடையிலகூட எப்பிடிப் பச்சையா நிக்குது பாத்தயா?" என்று அங்கப்பன் பெருமைப்படுவான்.

"மண்ணு வாகுங்க" என்பாள் கண்ணாயி.

அவன் அதை நம்பி டீக்கடையில் போய்ச் சொல்வான். "போர்த்தண்ணி என்னத்துக்கு ஆவுது? எங்க கிணத்துத் தண்ணி குடிச்ச மண்ணு அது." ஒரு சொட்டுகூடத் தொடமாட்டேன் என்று சொல்லி, அதைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிமிர்வு அவன் நடையிலேயே இருந்தது. கண்ணாயிக்கு மாதம்மாளிடம் பயமில்லை. இந்த நடையிடம்தான் பயம். அவனுக்குத் தெரிந்தால் அடிக்கமாட்டான். டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிடுவான், அவ்வளவுதான். அதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்த நிலையில்தான் பெரியண்ணன் காட்டில் நாள் திரும்பியது. முதலில் வாழை இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டியதுபோலக் கருகியது. அடுத்தடுத்த வருசங்களில் நெல் வயலில் அங்கங்கே சொட்டை விழுந்தது. விதைத்தது முளைக்கவில்லை, முளைத்தது மஞ்சளாகி உட்கார்ந்தது. இந்த வருசம் மண்ணே வெளுத்துவிட்டது. கழுதையும் வந்துவிட்டது.

கழுதை வந்துபோன மறுநாளே மாதம்மாள் ஊர்க் குழாயடியில் பேசினாள். "ஆரோ வயித்தெரிச்சல் புடிச்சவ உப்ப மந்திரிச்சுப் போட்டிருக்கறா. ஆருன்னு எனக்குத் தெரியும்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கண்ணாயி கேட்டாள். "அத்தன காட்டுக்கும் உப்புப் போடோணும்னா மரக்காணத்து உப்பளத்துக்கே லாரி அனுப்போணுமேக்கா. எங்கூட்டுல கொழம்புக்கே அளந்துதான் போடறோம்."

பெண்கள் சிரித்தார்கள். மாதம்மாள் சிரிக்கவில்லை. அவள் கண்ணாயியை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு போனாள்.

பெரியண்ணன் மந்திரவாதியிடம் போகவில்லை. விவசாய ஆபீசுக்குப் போனான். மாதேஸ்வரன் என்ற ஆபீசர் மொபெட்டில் வந்து, துணிப் பையில் மண்ணும் பாட்டிலில் தண்ணீரும் எடுத்துப் போனார். பத்து நாள் கழித்து ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தார். மோட்டார் ரூம் நிழலில் ஊரில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, அங்கப்பனும் சற்றுத் தள்ளி நின்றான். கண்ணாயி அவனுக்குப் பின்னால் நின்றாள்.

"மந்திரமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் மாதேஸ்வரன். "உங்க போர்த்தண்ணியில உப்பு இருக்குது. வாயில வெச்சா லேசாத்தான் தெரியும். நீங்க பாய்ச்சற தண்ணியச் செடி குடிக்குது, வெயில் குடிக்குது. உப்ப ஆருமே குடிக்கறதில்லீங்க. அது மண்ணுலயே தங்கிருது. ஒரு தடவைக்கு ஒரு சிட்டிகைன்னு வெச்சுக்குங்க. எட்டு வருசத்துக்கு எத்தன சிட்டிகை?"

"மொத நாலு வருசம் தங்கமா வெளஞ்சுதுங்களே?"

"அப்ப கணக்கு ஏறிக்கிட்டு இருந்துச்சுங்க. அடியில ஓடைக்கல்லு வேற பாறையாட்டம் இறுகிக் கெடக்குது. பாய்ச்சுன தண்ணி கீழ எறங்க வழியில்ல. அதனால உப்பு மேலயே ஏறி வந்து பூக்குது."

"இதுக்கு மருந்தே இல்லீங்களா?"

"இருக்குதுங்க. வடிகால் வெட்டி, ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணியா கட்டி நிறுத்தி அலசி உடோணும். நாலஞ்சு தடவை. பொறவு தக்கைப்பூண்டு வெதச்சு மடக்கி உழுவோணும். ரெண்டு மூணு வருசத்துல மண்ணு திரும்பும். ஆனா போர்த்தண்ணியிலயே அலசுனீங்கன்னா அழுக்குத் தண்ணியில துணி தொவச்ச மாதிரிதான். நல்ல தண்ணி எங்க இருக்குது பக்கத்துல?"

எல்லோருடைய முகமும் மெதுவாகத் திரும்பி அங்கப்பன் பக்கம் வந்து நின்றது.

அன்று மாலையே பெரியண்ணன் தம்பி வீட்டு வாசலுக்கு வந்தான். எட்டு வருசத்தில் முதல் தடவை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மாதம்மாள் வேலிக்கு வெளியே, உள்ளே வராமல் நின்றாள்.

"அங்கப்பா, ஆடியில மழ புடிச்சுக் கெணறு ஏறினதும், ஒரு பத்து நாளைக்குத் தண்ணி உட்டீன்னா போதும்."

அங்கப்பன் தலையைச் சொறிந்தான். அவனுக்கு மனம் இளகிவிட்டது என்பதைக் கண்ணாயி அவன் கழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஏனுங்க மாமா, பங்குன்னு வந்தா பொம்பளைங்க சண்டை போடுவாங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? எனக்கு அது நல்லா ஞாபகம் இருக்குதுங்க. சண்டை வேண்டாமுங்க மாமா. தனித்தனியாவே இருந்துக்கலாம்."

"கண்ணாயி, சும்மா இரு" என்றான் அங்கப்பன்.

"நான் ஏனுங்க சும்மா இருக்கோணும்? குடத்துல மொண்டு ஊத்தி என்ற இடுப்பு ஒடிஞ்சப்ப இவிய வாய்க்கா தளும்பத்தான் ஓடிச்சு. ஒரு சொட்டு வேணுமான்னு இந்தக்கா கேட்டாங்களா?"

பெரியண்ணன் திரும்பி நடந்தான். மாதம்மாளும் பின்னால் போனாள். போகும்போது அவள் பார்வை கண்ணாயியின் கீழ் வயல்களின் மேல் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. அங்கே கத்தரிச் செடிகள் பூத்திருந்தன. பொறாமைப்படுகிறாள் என்று நினைத்துக் கண்ணாயி நெஞ்சு குளிர்ந்தாள். வெந்த வயிறு என்றால் என்னவென்று இப்போது அவளுக்கும் தெரியட்டும்.

சித்திரை நடுவில் ஒரு கோடைமழை கொட்டியது. மலையிலிருந்து வந்த பஸ்களின் கூரைகளில் பலா இலைகள் ஒட்டியிருந்தன. இரண்டு நாள் மண் வாசனை. அப்புறம் ஐந்து நாள் மண்டையைப் பிளக்கும் வெயில்.

ஆறாம் நாள் காலை கீழ் வயலுக்குப் போன கண்ணாயி மூலை வரப்பில் அப்படியே நின்றாள். கத்தரிச் செடிகளின் அடியில் மண் வெளுத்திருந்தது. குனிந்து தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

அவள் முதலில் செய்தது, சாணியைக் கரைத்து அதன்மேல் தெளித்ததுதான். காய்ந்ததும் சாணியின் மேலேயே வெள்ளை பூத்தது. மறுநாள் தேங்காய்த் தொட்டியால் சுரண்டிச் சாக்கில் கட்டி ஓடையில் கொட்டினாள். பாதி வழியில் வீராயி எதிர்ப்பட்டாள்.

"ஏனுங்கக்கா, சாக்குல என்னங்க?"

"தவுடு."

"தவுடு சிந்துனா பழுப்பா இருக்குமுங்களே." வீராயி கீழே சிந்தியிருந்ததைப் பார்த்தாள். "உங்க காட்டுலயும் பூத்துருச்சுங்களா? அட, சொல்லக்கூடாதுங்களா? கழுதைக்கு வேலை மிச்சமுங்க."

"வாய மூடிக்கிட்டுப் போ வீராயி. வர்ற வாரம் கத்தரிக்கா தாரேன்."

அந்தச் செடிகள் கத்தரிக்காய் கொடுப்பது இனி சந்தேகம்தான் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அங்கப்பன் பார்த்துவிட்டான். பார்த்ததும் அவனுக்குத் தோன்றியது ஒன்றுதான். தண்ணீர் தரமாட்டோம் என்று சொன்னதற்கு அண்ணி பழி வாங்கிவிட்டாள். தன் காட்டு உப்பை அள்ளிவந்து தம்பி காட்டில் கொட்டிவிட்டாள்.

"ஏ அண்ணா! வெளிய வாடா!" அவன் கத்தியது குப்பனூர் பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டது. "உங்க காடு போச்சுன்னா எங்க காட்டயும் கெடுப்பாளா உன்ற பொண்டாட்டி?"

"அவ எதுக்குடா கொட்டறா?" என்று பெரியண்ணன் ஓடிவந்தான்.

"வேண்டாமுங்க, உடுங்க, மண்ணு தானாச் சரியாயிரும்" என்று கண்ணாயி புருசன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறினான். "ஆபீசரக் கூட்டியாறேன். கொட்டுன உப்பா, ஊறுன உப்பான்னு அவரே சொல்லட்டும்."

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. மாதேஸ்வரனை மொபெட்டோடு அழைத்தே வந்துவிட்டான். பெரியண்ணனும் மாதம்மாளும் கண்ணாயியும் வரப்பில் நிற்க, அவர் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கீழ் வயலுக்குள் இறங்கினார். ஓர் இடத்தில் குத்தித் தோண்டினார். அரை அடி ஆழத்திலும் வெள்ளை நரம்பு ஓடியிருந்தது.

"மேல கொட்டுனது இவ்வளவு ஆழம் எறங்காதுங்க. இது வருசக்கணக்கா தண்ணியில வந்தது."

"எங்க காட்டுக்குக் கெணத்துத் தண்ணிதானுங்க. மேல் வயலப் பாருங்க. அதே தண்ணிதான். கறுப்பா ஜம்முனு இருக்குது."

"அதாங்க நானும் பாக்கறேன்." மாதேஸ்வரன் வெள்ளையின் விளிம்பிலேயே குச்சியால் கோடு இழுத்துக்கொண்டு நடந்தார். வயலின் அந்தக் கோடியில் வெள்ளை மெலிந்து, அகலமாகப் பரவிக் கிடந்தது. வரவர அது குறுகியது. குறுகக் குறுகத் தடித்தது. விரித்த விசிறி ஒன்றைக் கீழே போட்டதுபோல இருந்தது. அவர் குச்சி விசிறியின் கைப்பிடியைத் தேடிக்கொண்டே போய், பொது வரப்பின் மூலையில் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டு வாய்க்கால்.

"இங்கதானுங்க வாய். தண்ணி வந்த வழியிலதான் உப்பும் வந்திருக்குது. இங்க ஆருங்க மடை தொறக்கறது?"

அவருக்கு இந்தக் குடும்பத்தின் கதை எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்கமாட்டார்.

அங்கப்பன் மூலையைப் பார்த்தான். வாய்க்காலைப் பார்த்தான். கடைசியாகப் பெண்டாட்டியைப் பார்த்தான். கண்ணாயி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் கேட்க வேண்டியதும் இல்லை, அவள் சொல்ல வேண்டியதும் இல்லை. மலைமேல் ஒரு பஸ் வளைவில் திரும்பும்போது கொடுத்த ஹாரன் கீழே வரை கேட்டது.

"எத்தன வருசமா?" என்றான்.

"அஞ்சுங்க."

"அஞ்சு வருசமா நான் டீக்கடையில பேசிக்கிட்டு இருந்திருக்கறேன்." தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினான். அதை மறுபடி தோளில் போடவில்லை. அண்ணனிடம் திரும்பினான். "அண்ணா, மழ வந்ததும் கெணத்துல உன்ற மோட்டார எறக்கிக்க. பத்து நாளோ, ஒரு மாசமோ. என்னையக் கேக்க வேண்டாம்."

"அங்கப்பா..."

"நீ வந்து கேக்கறதுக்கு எனக்கு மொகமில்லீண்ணா."

அவன் வீட்டுப் பக்கம் போகாமல் ஓடைப் பக்கம் நடந்தான். பெரியண்ணன் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினான். மாதேஸ்வரன் எதையோ மிதித்துவிட்டவர்போலச் செருப்பைத் துடைத்துக்கொண்டு மொபெட்டைத் தள்ளினார்.

வரப்பில் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

மாதம்மாள் திட்டப்போகிறாள் என்று கண்ணாயி காத்திருந்தாள். முடியைப் பிடித்து இழுத்தால்கூட நன்றாக இருக்கும் என்று பட்டது. மாதம்மாள் வரப்பில் உட்கார்ந்தாள். ஒரு கத்தரி இலையைக் கிள்ளி, கருகிய அதன் ஓரத்தை விரலால் நெருடினாள்.

"வாழையிலயும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுது" என்றாள்.

கண்ணாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அக்கா, வயித்தெரிச்சல்ல பண்ணிட்டனுங்க. நீங்க தண்ணியில நனஞ்சு சிரிச்சீங்களே, அது என்ற கண்ண உட்டுப் போகவே இல்லீங்க. திருடிட்டேன். என்னைய அடிச்சுப் போடுங்க. மனசார அடிங்க."

"அழுவாத. எனக்கும் இருந்துச்சு." மாதம்மாள் இலையைக் கீழே போட்டாள். "எங்க வாழ கருகி நிக்கும். வரப்புக்கு இந்தப் பக்கம் உன்ற மண்ணு கறுப்பா, பொதபொதன்னு, வெல்லம் மாதிரி கெடக்கும். சோறு இறங்காது எனக்கு. இத்தன தண்ணி வெச்சுக்கிட்டு நான் தோத்துட்டனேன்னு இருக்கும்."

கண்ணாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மாதம்மாள் குழாயடியில் பார்த்த பார்வை, வேலிக்கு வெளியே நின்ற நிற்பு எல்லாம் அவளுக்கு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வந்தன.

"அக்கா, இன்னைக்கு ஆபீசரு மூலையில வந்து நின்னப்ப எல்லாரும் திடுக்குன்னாங்க. நீங்க மட்டும் அசையவே இல்லீங்களே. உங்களுக்கு... எப்ப இருந்துங்க தெரியும்?"

மாதம்மாள் எழுந்து சேலையில் ஒட்டிய வெள்ளையைத் தட்டிவிட்டாள்.

"நாலு வருசமாத் தெரியும் கண்ணாயி. வாழ கருகுனப்பவே எனக்குத் தண்ணி மேலதான் சந்தேகம். நல்ல தண்ணியா இருந்திருந்தா அன்னைக்கே உன் கையப் புடிச்சிருப்பேன்."